டாய்லெட்டைக் கழற்றிப் போன நல்ல ஆன்ட்டி

வயதான ஆள். அழுக்குச் சட்டை, கிட்டே வந்தாலே நாற்றம், கடுகடுத்த முகம், பாக்கெட்டில் துப்பாக்கி வேறு. வீட்டுக்கு வந்து கலர் டிவியைத் தூக்கிக்கொண்டு போகிறார். "எங்களுக்கு இது வேண்டாம், நீங்க எடுத்துக்கோங்க" என்று அப்பாவும் அம்மாவும்தான் கொடுத்தார்கள். இவர் திருடரா?

அடுத்து ஒரு பெண். சிரித்த முகம். வந்ததுமே குழந்தையை வாரி அணைத்துக்கொள்கிறார். பிறகு யாரையும் கேட்காமல் டாய்லெட் பேசினைக் கழற்றி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். திருப்பித் தரும் எண்ணமே கிடையாது. இவர் திருடரா?

அமெரிக்க உளவியலாளர்களான ஃபிராங்க் கீல், நான்சி பேட்டர்மேன் இருவரும் இப்படிப்பட்ட குட்டிக் கதைகளைப் பிள்ளைகளிடம் சொல்லிக் கேட்டார்கள். ஆய்வு வெளியானது 1984-இல். ஐந்து வயதுக்காரர்கள் பெரும்பாலும் சொன்ன தீர்ப்பு, தாத்தா திருடர், ஆன்ட்டி நல்லவர். ஒன்பது, பத்து வயதை எட்டியவர்களிடம் தீர்ப்பு தலைகீழாக மாறியிருந்தது. இடைப்பட்ட சில ஆண்டுகளில், 'திருடன்' என்பது மூஞ்சியைப் பொறுத்த விஷயமல்ல, கேட்காமல் எடுப்பதைப் பொறுத்தது என்று பிள்ளைகள் புரிந்துகொண்டுவிடுகிறார்கள்.

சிரிப்பு வருகிறதுதான். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை திருடனை எங்கே பார்த்திருக்கும்? படக்கதையில், கார்ட்டூனில், சினிமாவில். நம் பழைய படங்களில் கோடு போட்ட பனியனும் கன்னத்தில் பெரிய மருவும் இல்லாத பிக்பாக்கெட்காரன் உண்டா? கிடைத்த சாட்சியத்தை வைத்துக் குழந்தை சரியாகத்தான் தீர்ப்பு எழுதுகிறது. சாட்சியம்தான் கோணல்.

குழந்தைகளின் 'வாய்' பற்றி வீடுகளில் சொல்லிச் சிரிக்கப்படும் கதைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். மழலை, உளறல், அதிகப்பிரசங்கித்தனம் என்று நாம் பெயர் வைத்துவிடுகிறோம். உள்ளே நடப்பது கணக்கு.

அதே ஆய்வில் இன்னொரு கதை, மாமாவைப் பற்றியது. அப்பா வயது ஆள், அன்பானவர், வரும்போதெல்லாம் பரிசு கொண்டுவருகிறார். ஆனால் எந்த உறவும் இல்லை. இவர் மாமாவா? ஆமாம் என்றன சின்னப் பிள்ளைகள். அம்மாவின் சொந்தத் தம்பி, ஆனால் அவனுக்கு இரண்டு வயதுதான். இவன் மாமாவா? அதெப்படி, குழந்தை போய் மாமா ஆக முடியுமா என்று மறுத்தன.

இதைப் படிக்கும் தமிழ் வாசகர் பலருக்கு ஒரு கல்யாண வீடாவது நினைவுக்கு வரும். பத்துப் பிள்ளை பெற்ற அந்தக் காலத்துக் குடும்பங்களில் மூத்த மகளும் தாயும் ஒரே ஆண்டில் பிரசவித்தது உண்டு. மருமகளைவிடச் சின்ன மாமா, அண்ணன் மகனைவிட இளைய சித்தப்பா எல்லாம் நம்மிடம் கற்பனை இல்லை. மூக்கு ஒழுக நிற்கும் ஒரு பொடியனைக் காட்டி, "மாமாவைக் கூட்டிட்டுப் போய் ஐஸ்கிரீம் வாங்கிக் குடு" என்றால் ஆறு வயதுப் பெண் விழிக்காமல் என்ன செய்வாள்? அவள் அகராதியில் மாமாவுக்கு மீசை இருக்கும், பைக் இருக்கும்.

உறவுச் சொல்லில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதை முதலில் கண்டு எழுதியவர்களில் ஒருவர், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ழான் பியாஜே. 1920-களில் ஜெனீவாவில் அவர் பிள்ளைகளிடம் கேட்ட கேள்வியை இப்போதும் எந்த வீட்டிலும் கேட்டுப் பார்க்கலாம். நான்கு வயது அண்ணனிடம் கேளுங்கள்:

"உனக்குத் தம்பி இருக்கானா?"

"இருக்கானே!"

"தம்பிக்கு அண்ணன் இருக்கானா?"

"இல்ல."

பல குழந்தைகள் இப்படித்தான் சொல்லும், துளி சந்தேகம் இல்லாமல். காரணம், 'தம்பி' என்பது அந்தப் பையனுக்குத் தொட்டிலில் கிடக்கும் ஆளின் பெயர். அது இரண்டு பேருக்கு நடுவில் உள்ள ஒரு தொடர்பு என்பதும், அந்தத் தொடர்பின் மறுமுனையில் தானே நிற்கிறோம் என்பதும் பிறகுதான் பிடிபடும். கூட்டுக் குடும்பங்களில் பெற்ற தாயை 'அக்கா' என்றும் பாட்டியை 'அம்மா' என்றும் கூப்பிடும் குழந்தைகள் இதே தர்க்கத்தில்தான் போகிறார்கள். சித்தியும் மாமாவும் நாள் முழுக்க 'அக்கா, அக்கா' என்றால் அவள் பெயர் அக்காதானே! 'நான்', 'நீ' இன்னும் மோசம். பேசுகிற ஆள் மாறும்போதெல்லாம் பொருள் மாறுகிறது. "பாப்பாவுக்குப் பால் வேணும்" என்று தன்னையே படர்க்கையில் சொல்லிக்கொள்வது ஒருவகையில் பாதுகாப்பான வழி.

காலச் சொற்களிலும் இதே கதை. "நேத்து நாம ஊட்டிக்குப் போனோம்ல?" என்று குழந்தை கேட்கும். போய் வந்து ஏழு மாதம் ஆகியிருக்கும். மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளிடம் கேதரின் டில்மன் குழுவினர் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விளக்கம் தந்தது. 'நேற்று' என்றால் நடந்து முடிந்தது, 'நாளை' என்றால் இனிமேல் என்ற திசை முதலில் பிடிபடுகிறது. எத்தனை நாள் தள்ளி என்ற தூரம் பிடிபட மேலும் சில ஆண்டுகள் ஆகின்றன. ஊட்டிப் பயணத்தை 'நேத்து' என்ற குழந்தை திசையைச் சரியாகச் சொல்லிவிட்டது.

உச்சரிப்புக்கு வருவோம். 1960-இல் ஜீன் பெர்கோவும் ரோஜர் பிரவுனும் பதிவு செய்த ஒரு சம்பவம் மொழியியல் வகுப்புகளில் இன்றும் சொல்லப்படுகிறது. ஒரு குழந்தை தன் பிளாஸ்டிக் மீனை 'ஃபிஸ்' என்றது. "இது உன் ஃபிஸ்ஸா?" என்று அவர்கள் கேட்டபோது, "இல்லை, என் ஃபிஸ்" என்று திருத்தியது. "உன் ஃபிஷ்ஷா?" என்று கேட்ட பிறகுதான், ஆமாம், என் ஃபிஸ் என்று ஒப்புக்கொண்டது. காதுக்கு இரண்டு ஒலியும் வேறு வேறு. நாக்குக்குத்தான் இன்னும் வசப்படவில்லை. நம் வீடுகளில் 'ரயில்' இந்த வேலையைச் செய்யும். "லயில் பாக்கப் போலாமா கண்ணு?" என்று தாத்தா கொஞ்சினால், பேத்தி கோபமாக, "லயில் இல்ல தாத்தா, லயில்!" என்பாள். ஆகவே குழந்தையிடம் மழலை மாதிரியே திருப்பிப் பேசுவதை அது பாராட்டாக எடுத்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். ('வாழைப்பழம்' விஷயத்தில் மட்டும் குழந்தைகளைச் சொல்ல நம்மில் பாதிப் பேருக்கு யோக்கியதை கிடையாது.)

இதே பெர்கோ 1958-இல் செய்த சோதனை இன்னும் புகழ்பெற்றது. பறவை மாதிரி ஒரு புதுப் பிராணியை வரைந்து, இது ஒரு 'வக்' என்றார். உலகத்தில் இல்லாத சொல். இப்போது இரண்டு இருக்கின்றன, இவை என்ன என்று கேட்டால், மழலையர் பள்ளிக் குழந்தைகளே ஆங்கிலப் பன்மை விகுதியைச் சரியாகச் சேர்த்து 'வக்ஸ்' என்றன. யாரும் சொல்லிக் கேட்டிராத சொல் என்பதால் கிளிப்பிள்ளைப் பாடம் என்று இதைத் தள்ள முடியாது. விதி உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

விதி வந்துவிட்டால் விதிவிலக்கில் இடறத்தானே வேண்டும்? ஆங்கிலக் குழந்தைகள் 'வென்ட்' என்பதற்குப் பதில் 'கோ'வோடு இறந்தகால விகுதியை ஒட்டி 'கோடு' என்பது அப்படித்தான். 'விழு'வுக்கு 'விழுந்தேன்' என்று பழகிய தமிழ் நாக்கு 'அழு'வுக்கு 'அழுந்தேன்' என்று போட்டுப் பார்த்தால் அதுவும் அதே கணக்குதான். விழுந்தேன், அழுதேன், எழுந்தேன், உழுதேன் என்று நம் வினைச்சொற்கள் ஆளுக்கொரு பக்கம் போவது குழந்தையின் குற்றமா?

ஆனால் இந்தத் தவறுகள் நாம் நினைக்கிற அளவுக்கு அதிகமில்லை. கேரி மார்க்கஸ், ஸ்டீவன் பிங்கர் குழுவினர் 1992-இல், ஆங்கிலம் பேசும் 83 குழந்தைகளின் பேச்சுப் பதிவுகளிலிருந்து, விதிக்கு அடங்காத வினைச்சொற்களின் இறந்தகால வடிவங்களை 11,521 இடங்களில் எண்ணிப் பார்த்தார்கள். தவறு வந்த விகிதத்தின் இடைநிலை 2.5 சதவீதம்தான். நூறு முறை சொன்னால் தொண்ணூற்றேழு முறைக்கு மேல் சரி. சரியாகச் சொன்னதை யார் மாமியாருக்குப் போன் போட்டுச் சொல்கிறார்கள்?

சில நேரம் குழந்தை நம்மைவிடக் கறாராக இருக்கும். பிரான்சில் ஐரா நோவெக் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், 'சில ஒட்டகச்சிவிங்கிகளுக்குக் கழுத்து நீளம்' என்ற வகை வாக்கியங்கள் சரியா தப்பா என்று கேட்டார். பெரியவர்களில் பாதிக்கு மேல் தப்பு என்றார்கள். 'சில' என்றால் 'எல்லாம் இல்லை' என்று நாமாகச் சேர்த்துப் படிக்கிறோம் அல்லவா? எட்டு வயதுப் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் சரி என்றார்கள். எல்லாவற்றுக்கும் நீளம் என்றால் சிலவற்றுக்கும் நீளம்தானே. தர்க்கப் புத்தகப்படி பிள்ளைகள் பக்கம்தான் நியாயம். "கொஞ்சம் சாப்பிட்டியா?" என்று கேட்டதற்கு, டப்பாவையே காலி செய்த பையன் "ஆமா" என்றால் அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

கேள்விகளுக்கும் கணக்கு இருக்கிறது. மிஷெல் ஷுனார்ட் நான்கு குழந்தைகளின் உரையாடல் பதிவுகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். 229.5 மணி நேரப் பேச்சில் 24,741 கேள்விகள். மணிக்கு நூற்றுக்கும் மேல்! பெரியவர்களை எரிச்சலூட்டத்தான் கேட்கின்றன என்பதும் உண்மையில்லை. 2009-இல் பிராண்டி ஃபிரேசியர், சூசன் கெல்மன், ஹென்றி வெல்மன் காட்டியபடி, விளக்கம் கிடைத்தால் குழந்தை ஏற்றுக்கொள்கிறது அல்லது அடுத்த கேள்விக்குப் போகிறது. மழுப்பினால் அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறது, அல்லது தானே ஒரு காரணத்தைக் கட்டிச் சொல்கிறது. "ஏன்னா ஏன்தான்" என்று பதில் சொல்லிவிட்டு, "நச்சரிக்குது" என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை.

'பிஞ்சிலே பழுத்தது' என்று முகம் சுளிக்கவைக்கும் பேச்சு வேறு ரகம். "காலம் கெட்டுப் போச்சு" என்று நான்கு வயதுப் பெண் பெருமூச்சு விட்டால் அது அவள் கருத்து அல்ல, பாட்டியின் குரல். எலைன் ஆண்டர்சன் குழந்தைகளிடம் பொம்மைகளைக் கொடுத்து அப்பா, அம்மா, டாக்டர், டீச்சர் மாதிரிப் பேசச் சொன்னார். அந்த ஆய்வை அவர் 1990-இல் புத்தகமாக்கினார். அப்பா என்றால் குரலைத் தாழ்த்தி நேரடியாக உத்தரவு போடுவது போல, ஆளுக்கு ஏற்பப் பேச்சை மாற்றப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் பிள்ளை பொம்மையோடு விளையாடுவதை ஒட்டுக்கேட்டால் போதும். மானம் போனால் அதற்கு ஆய்வாளர்கள் பொறுப்பல்ல.

இதையெல்லாம் எழுதிவைப்பது புதுப் பழக்கமில்லை. சார்லஸ் டார்வின் தன் மூத்த மகனைப் பற்றி எழுதிவைத்த நாட்குறிப்பை 37 ஆண்டுகள் கழித்து எடுத்து, 1877-இல் 'மைண்ட்' இதழில் கட்டுரையாக்கினார். ஒரு வயது நிறைந்தபோது அந்தக் குழந்தை உணவுக்குத் தானாக வைத்த பெயர் 'மம்'. நம் வீட்டு 'மம்மு'வுக்கு எவ்வளவு பக்கம்! பிறகு சர்க்கரை 'ஷு-மம்' ஆயிற்று. 'கறுப்பு' என்ற சொல்லைக் கற்ற பின், கறுப்பு நிற அதிமதுர மிட்டாய் 'பிளாக்-ஷு-மம்' ஆயிற்று. கறுப்புச் சர்க்கரைச் சாப்பாடு. அகராதி இல்லாமல் ஒரு கூட்டுச்சொல்.

தமிழில் இத்தகைய பதிவுகள் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. தமிழ்க் குழந்தைகள் எப்படிக் கேள்வி கேட்கக் கற்கின்றன, எப்படி மறுக்கக் கற்கின்றன என்று ஆர். வைத்தியநாதன் 1988, 1991 ஆண்டுகளில் குழந்தைமொழி ஆய்விதழில் எழுதியவை அந்தச் சிலவற்றில் அடங்கும். 'இல்ல', 'வேணாம்', 'மாட்டேன்', 'கூடாது', 'முடியாது' என்று மறுப்புக்கே இத்தனை வடிவம் வைத்திருக்கும் மொழியில் ஆராய எவ்வளவோ கிடக்கிறது.

வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் ஒரு நோட்டு போடுங்கள். தேதி, வயது, அதற்கு முன் நீங்கள் கேட்ட கேள்வி, பிள்ளை சொன்ன வார்த்தை. திருத்தாமல், மெருகேற்றாமல் எழுதுங்கள். விருந்தாளி வந்ததும் "இன்னொரு தடவை சொல்லு" என்று செல்போனை நீட்டாதீர்கள். இரண்டாம் முறை சொல்வது பேச்சல்ல, நடிப்பு.