மருந்துக்கு முன் அனுமதிச் சீட்டு

மாதிரியில் தடை மருந்து இருக்கிறது என்று கடிதம் வந்த பிறகுதான் வீரர்கள் டாக்டரிடம் சீட்டுக்கு ஓடுகிறார்கள். சைக்கிள் பந்தயத்தில் இதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். 1999 டூர் டி பிரான்சில் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் சிறுநீரில் கார்ட்டிகோஸ்டீராய்டு தெரிந்தது. சைக்கிள் இருக்கை உரசி வந்த புண்ணுக்குப் பூசிய களிம்பு என்று, முன்தேதியிட்ட மருந்துச் சீட்டை நீட்டினார்கள். உலக சைக்கிள் சங்கமான யூசிஐயும் ஏற்றுக்கொண்டது. அன்றே அந்தத் தேதியைத் துருவியிருந்தால், ஏழு பட்டங்களைப் பறிக்க 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

அவர் தெரிந்தே செய்தவர். தெரியாமல் மாட்டுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அலெசாண்ட்ரோ பெட்டாக்கிக்கு ஆஸ்துமா. இன்ஹேலருக்கு அனுமதியும் வைத்திருந்தார். 2007 ஜீரோ டி இத்தாலியா பந்தயத்தில் சிறுநீரில் அந்த மருந்தின் அளவு மீறியது. ஏமாற்றும் எண்ணமில்லை என்று விளையாட்டு நடுவர் நீதிமன்றமே ஒப்புக்கொண்டும் தடை விழுந்தது. அந்தப் பந்தயத்தில் வென்ற ஐந்து கட்டங்களும் பறிபோயின. உடம்பில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு.

நம் மருந்துக்கடைகளில் கேட்டதும் கிடைக்கும் இருமல் சிரப்புகள் பலவற்றில் டெர்புட்டலின் உண்டு. போட்டி இல்லாத நாளிலும் அது தடைதான். லேபிளைப் படிக்காமல் குடிக்காதீர்கள்.

தடை மருந்து இல்லாமல் முடியாது என்று டாக்டர் சொன்னால், 'டியூஇ' எனும் சிகிச்சை விலக்கு அனுமதி வாங்க வேண்டும். தேசிய அளவு வீரர் தில்லியில் உள்ள தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவுக்கும், சர்வதேச அளவு வீரர் யூசிஐக்கும் விண்ணப்பிக்க வேண்டும். படிவத்தில் மருந்தின் பொதுப்பெயர், அளவு, எத்தனை நாள் என்பதை டாக்டரே எழுதிக் கையெழுத்திட வேண்டும். நோய் வரலாறு, பரிசோதனை அறிக்கைகள், வேறு மருந்து ஏன் ஒத்துவராது என்ற விளக்கம் எல்லாம் இணைய வேண்டும். "ஆஸ்துமா நோயாளி" என்று ஒற்றை வரி எழுதிய கடிதம் போதாது. போட்டிக்கு 30 நாளாவது முன்னால் அனுப்புங்கள். விபத்து போன்ற அவசரத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு பிறகு உடனே விண்ணப்பிக்கலாம். மற்றபடி பதில் வரும் முன் மருந்தைத் தொடாதீர்கள்.

மாதிரி எடுக்கும்போது தரும் படிவத்தில் ஏழு நாளில் உட்கொண்ட மருந்து, சத்துப்பொடி எல்லாவற்றையும் எழுதுங்கள். ஆனால் எழுதிவிட்டால் அனுமதி கிடைத்ததாக ஆகாது. மறுபடியும் சொல்கிறேன், ஆகாது. போட்டிக்கு அனுப்பும் சங்கத்தார் ஜெர்சி அளவு கேட்கும்போதே இதையும் சொல்லித் தரக் கூடாதா?

கடிதம் வந்துவிட்டால், இரண்டாகப் பிரித்து வைத்ததில் இரண்டாவதான பி மாதிரியைச் சோதிக்கக் கெடுவுக்குள் எழுத்தில் கேளுங்கள். கெடு போனால் உரிமையும் போயிற்று. சோதனையின்போது நீங்களோ உங்கள் பிரதிநிதியோ உடனிருக்கலாம்.

2010 டூரில் சிக்கிய ஆல்பெர்ட்டோ கொன்டடோர் மாட்டிறைச்சியைக் காரணம் காட்டினார். சத்துப்பொருளில் கலந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது நடுவர் நீதிமன்றம், பட்டம் போயிற்று. எனவே சத்துப்பொடி வாங்கினால், பின்னால் சோதித்துக் காட்ட, அதே பேட்ச் எண்ணில் திறக்காத டப்பா ஒன்றையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள்.