வேர்டுகேம்ப்

வேர்டுகேம்ப் என்பது வேர்டுபிரெஸ் என்னும் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவோரும் உருவாக்குவோரும் ஓரிடத்தில் கூடும் சமூக மாநாடு ஆகும். நிரலாளர்கள், வடிவமைப்பாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், வலைப்பதிவர்கள், இணையக் கடை நடத்தும் சிறு வணிகர்கள் எனப் பலரும் இதில் கலந்துகொள்கின்றனர். மென்பொருளைப் பயன்படுத்துபவரை அதன் பங்களிப்பாளராக மாற்றுவது இம்மாநாட்டின் அடிப்படை நோக்கங்களுள் ஒன்று. பங்கேற்பவர் பெறும் பயனும் பெரும்பாலும் இதைப் பொறுத்தே அமைகிறது.

வரலாறு

வேர்டுபிரெஸ் மென்பொருளின் முதல் பதிப்பை மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் 2003 மே 27 அன்று வெளியிட்டனர். முதல் வேர்டுகேம்ப் 2006 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்தது. 2005-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய பார்கேம்ப் என்ற கூட்ட முறையிலிருந்து இதன் பெயர் வந்தது. பார்கேம்ப் கூட்டங்களில் முன்கூட்டியே வகுத்த நிகழ்ச்சி நிரல் இருக்காது. வந்தவர்களே பேசுபொருளை முடிவு செய்வர். வேர்டுகேம்புக்கு நிகழ்ச்சி நிரல் உண்டு. எனினும் பேசுபவரும் கேட்பவரும் ஒரே சமூகத்தினர் என்ற எண்ணம் தொடர்கிறது.

இந்தியாவில் 2009-இல் தில்லியில் வேர்டுகேம்ப் நடந்தது. பின்னர் மும்பை, புனே, அகமதாபாத், கொல்கத்தா, கொச்சி உள்ளிட்ட நகரங்களிலும் நடந்தது. ஆசியா முழுமைக்குமான மாநாடு 2020 பிப்ரவரியில் பாங்காக்கில் நடைபெறவிருந்து, கொரோனா தொற்றால் கைவிடப்பட்டது. அதே நகரில் 2023 பிப்ரவரியில் முதல் ஆசிய மாநாடு கூடியது. 2024-இல் தைப்பேயும் 2025-இல் மணிலாவும் அதை நடத்தின. 2026-ஆம் ஆண்டுக்கு மும்பை தேர்ந்தெடுக்கப்பட்டது.

நடத்தும் முறை

ஒவ்வொரு வேர்டுகேம்பையும் அந்தந்த ஊரின் தன்னார்வலர்கள் நடத்துகின்றனர். ஏற்பாட்டாளர்களுக்கும் பேச்சாளர்களுக்கும் ஊதியம் இல்லை. நுழைவுச்சீட்டின் விலை குறைவாக வைக்கப்படுகிறது. அரங்கு, உணவு ஆகிய செலவுகளின் பெரும்பகுதியைப் புரவலர் நிறுவனங்கள் ஏற்கின்றன. அரங்கப் பணிகளில் உதவும் தன்னார்வலர்களுக்கு நுழைவு இலவசம். பணவசதி குறைந்த மாணவர் ஒருவர் கலந்துகொள்ள இது நல்ல வழி. பெயர்ப்பதிவு மேசையிலும் அரங்க வாயிலிலும் நிற்பதால் பலருடன் பழகும் வாய்ப்பும் கிடைக்கிறது.

பங்கேற்பவர் அனைவரையும் ஓர் நடத்தை நெறி கட்டுப்படுத்துகிறது. பாலினம், மொழி, சாதி, மதம், உடல்நிலை, தொழில் அனுபவம் ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு எவரையும் இழிவுபடுத்தக் கூடாது. மீறல் நேர்ந்தால் ஏற்பாட்டாளர்களிடம் முறையிடலாம்.

மாநாட்டு நாள்

பொதுவாக ஒரே நேரத்தில் இரண்டு அல்லது மூன்று அரங்குகளில் உரைகள் நடக்கும். தொடக்கநிலைப் பயனர், நிரலாளர், வணிகர் என உரைகள் பிரிக்கப்பட்டிருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டும் என்று முதன்முறை வருபவர் அரங்கு விட்டு அரங்கு ஓடுவது வழக்கம். பெரும்பாலான உரைகள் காணொளியாகப் பதிவு செய்யப்பட்டுப் பின்னர் இணையத்தில் வெளியிடப்படுகின்றன. எனவே தவறவிட்ட உரையை வீட்டிலிருந்தே பார்க்கலாம். நேரில் மட்டுமே கிடைப்பது மனிதர்களின் நேரம். தாம் அன்றாடம் பயன்படுத்தும் செருகுநிரலை எழுதியவரே தேநீர் வரிசையில் அருகில் நிற்கக்கூடும்.

தளத்தில் சிக்கல் உள்ளவர்களுக்கு உதவ "மகிழ்ச்சி மேசை" என்ற பகுதி பல வேர்டுகேம்புகளில் இருக்கும். அங்கு அனுபவமுள்ள தன்னார்வலர்கள் அமர்ந்து, வருபவரின் மடிக்கணினியிலேயே சிக்கலைப் பார்த்துத் தீர்க்க முயல்வர். "தளம் வேலை செய்யவில்லை" என்று சொல்வதைவிட, எப்போது முதல் வேலை செய்யவில்லை, கடைசியாக எதை மாற்றினோம், திரையில் என்ன பிழைச்செய்தி வருகிறது என்று குறித்துக்கொண்டு போனால் விடை விரைவில் கிடைக்கும்.

புதியவர்களுக்குத் தயக்கம் பெரிய தடை. சிறு கூட்டமாக நிற்பவர்கள் எப்போதும் ஒருவர் நுழைய இடம் விட்டு நிற்க வேண்டும் என்ற பழக்கம் பல தொழில்நுட்ப மாநாடுகளில் பின்பற்றப்படுகிறது. வாய் திறந்த வட்டமான கணினி விளையாட்டுப் பாத்திரத்தின் பெயரால் இதைப் "பேக்-மேன் விதி" என்பர். அந்த இடைவெளி புதியவருக்கான அழைப்பு. அங்கு போய் நின்று பேச்சைக் கேட்பதே போதுமான தொடக்கம்.

பங்களிப்பு நாள்

பெரிய வேர்டுகேம்புகளில் உரைகளுக்கு முன்போ பின்போ ஒரு நாள் பங்களிப்புக்கென ஒதுக்கப்படுகிறது. மைய நிரல், ஆவணங்கள், மொழிபெயர்ப்பு, அணுகல்தன்மை, பயனர் உதவி எனக் குழுவுக்கு ஒரு மேசை இருக்கும். நிரல் எழுதத் தெரியாதவரும் பங்களிக்க முடியும். வழு ஒன்று தம் கணினியிலும் தோன்றுகிறதா என்று சோதித்துச் சொல்வதும் பங்களிப்பே.

இதற்கு முன்தயாரிப்பு தேவை. வேர்டுபிரெஸ் தளத்தில் பயனர் கணக்கு தொடங்குதல், பங்களிப்பாளர்கள் உரையாடும் ஸ்லாக் தளத்தில் இணைதல், நிரலாளராயின் சோதனைக்கான வேர்டுபிரெஸை மடிக்கணினியில் நிறுவுதல் ஆகியவற்றை வீட்டிலேயே முடித்துவிடுவது நல்லது. ஒரே அரங்கில் நூற்றுக்கணக்கானோர் பதிவிறக்கும்போது இணைய வேகம் குறைந்து, அரைநாள் நிறுவுதலிலேயே கழிந்துவிடும்.

தமிழ் மொழிபெயர்ப்பு

வேர்டுபிரெஸில் தமிழ், இலங்கைத் தமிழ் என இரு மொழிப்பிரிவுகள் உள்ளன. இரண்டையும் தன்னார்வலர்களே மொழிபெயர்க்கின்றனர். எவரும் மொழிபெயர்ப்பைப் பரிந்துரைக்கலாம். அம்மொழியின் தொகுப்பாளர் ஒப்புதல் அளித்த பிறகே அது பயன்பாட்டுக்கு வரும். ஒரு செருகுநிரலின் நிலையான பதிப்பில் 90 விழுக்காடு தொடர்கள் ஒப்புதல் பெற்றால்தான் அதற்கான மொழித்தொகுப்பு உருவாகும். பரிந்துரைப்பவர் இருந்தும் சரிபார்ப்பவர் இல்லையெனில் பணி தேங்கிவிடும். இருவரும் ஒரே மேசையில் அமரும் பங்களிப்பு நாளில் இத்தேக்கம் குறைகிறது.

இதன் பயன் மாநாட்டு அரங்குக்கு வெளியே தெரியும். எடுத்துக்காட்டாக, சேலம் அம்மாபேட்டை கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற பகுதி. அங்கு பட்டு வேட்டி, சேலை விற்கும் ஒருவருக்கு வூகாமர்ஸ் செருகுநிரலைக் கொண்டு இணையக் கடை அமைப்பதாகக் கொள்வோம். பொருள் விவரங்களைக் கடைக்காரரே தமிழில் எழுதிவிடுவார். பணம் செலுத்தும் பக்கத்தில் உள்ள பொத்தான்களும் பிழைச்செய்திகளும் செருகுநிரலின் மொழிபெயர்ப்பிலிருந்து வருபவை. அவை ஆங்கிலத்திலோ புரியாத தமிழிலோ இருந்தால் வாடிக்கையாளர் அந்த இடத்திலேயே தயங்கி நின்றுவிடலாம். கடை அமைப்பவர் அந்தத் தொடர்களைத் தம் தளத்தில் மட்டும் திருத்தினால் ஒரு கடைக்குப் பயன். பொது மொழிபெயர்ப்பில் திருத்தினால் அதே செருகுநிரலைத் தமிழில் பயன்படுத்தும் எல்லாக் கடைகளுக்கும் பயன்.

விமர்சனங்கள்

மாநாடுகள் பெருநகரங்களில் நடப்பதால் பயணம், தங்குமிடம், இழக்கும் நாள்கூலி ஆகியவை சிற்றூர்களில் தனியாகத் தொழில் செய்வோருக்குச் சுமையாகின்றன. பெரும்பாலான உரைகள் ஆங்கிலத்தில் நடப்பது மற்றொரு தடை.

தன்னார்வலரின் உழைப்பால் நிறுவனங்கள் லாபம் ஈட்டுகின்றன என்ற குறையும் உண்டு. வேர்டுபிரெஸால் பயன்பெறும் நிறுவனங்கள் தம் வளங்களில் 5 விழுக்காட்டை அதன் வளர்ச்சிக்குத் திருப்பித் தர வேண்டும் என்று முல்லன்வெக் 2014-இல் முன்மொழிந்தார். 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் நடந்த வேர்டுகேம்பில் அவர் டபிள்யூபி என்ஜின் நிறுவனத்தைக் கடுமையாக விமர்சித்தார். அடுத்த மாதமே அந்நிறுவனம் வழக்குத் தொடுத்தது. கட்டற்ற மென்பொருளின் உரிமம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தாலும், பெயரும் வணிகக்குறியும் யார் கையில் என்ற கேள்வி இதனால் சமூகத்தில் பரவலாக விவாதிக்கப்பட்டது.

இதையொத்த மாநாடுகள்

துருபல் மென்பொருளுக்கான ஆசிய மாநாடு 2016-இல் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நடந்தது. பைத்தான் மொழிக்கான பைகான் இந்தியா 2009-இல் பெங்களூரில் தொடங்கியது. 2019-இல் சென்னையில் கூடியது. மென்பொருள் வேறானாலும் உரைகள், உதவி, கூட்டுப் பணி ஆகியவற்றை ஓரிடத்தில் சேர்க்கும் முறை இவற்றுக்கும் பொதுவானது.