ஈயத்துக்கு அடங்காத கையெழுத்து

கையால் எழுதியது போலவே தோன்றும் ஆங்கில அச்செழுத்துகளுள் ‘சாப்ஃபினோ’ என்பதற்குத் தனிச்சிறப்பு உண்டு. ‘டி’, ‘எச்’ ஆகியவற்றின் மேற்கோடு நெடிதுயர்ந்து வளையும்; ‘ஜி’, ‘ஒய்’ ஆகியவற்றின் வால் கீழிறங்கிச் சுழலும். ஆப்பிள் கணினிகளுடனேயே வருவதால், அழைப்பிதழ்களில் இதனைக் கண்டோர் நம்மிடையே இருக்கக்கூடும், பெயரறிந்தோர் சிலரே.

இதனை வரைந்தவர் ஜெர்மானியரான ஹெர்மன் சாப்ஃப் (1918–2015). எழுத்துக்கலையை நூல்களின் துணைகொண்டு தாமே கற்றவர். 1944-இல், போர்க்காலப் பணியிலிருந்தபோது, தம் குறிப்பேட்டில் ஒரு பக்கம் அழகுற எழுதினார். அப்பக்கமே இவ்வெழுத்தின் வித்து. ஆனால் அது அச்சாவதற்கு 1998 வரை காத்திருக்க நேர்ந்தது.

காரணம் ஈயமே. ஈய அச்சில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனிக் கட்டையின் தலையில் நிற்கும். கட்டையைத் தாண்டி நீளும் வால், தாங்குவாரின்றி எளிதில் முறிந்துவிடும். அன்றியும், ஒரே எழுத்தை மனிதக் கை இருமுறை அச்சொத்தாற்போல் எழுதுவதில்லை. ஈயமோ ஒரே வடிவையே திரும்பத் திரும்பத் தரும். 1950-களில் சாப்ஃப் ‘விர்த்துவோசா’ என்னும் எழுத்தை ஈயத்தில் வார்ப்பித்தபோது, வளைவுகளை அடக்கியே வரைய வேண்டியதாயிற்று. கணினி இத்தடையை நீக்கியது. லைனோடைப் நிறுவனம் வெளியிட்ட சாப்ஃபினோவில் ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் உள்ளன.

இச்சாய்வெழுத்தின் மூதாதையை நாம் உரோமையில் காண்கிறோம். திருத்தந்தையின் செயலகத்தில் எழுத்தராயிருந்த லுதோவிக்கோ தெலி அர்ரிகி, அச்செயலகக் கையெழுத்தைக் கற்பிக்க 1522 என ஆண்டிட்ட கையேடு ஒன்றை வெளியிட்டார்; பின்னர் அவ்வெழுத்தையே அச்சாகவும் வார்ப்பித்தார். இன்று நாம் ஆடம்பரம் எனக் கருதும் இச்சாய்வு, அன்று விரைந்து எழுதவேண்டிய அலுவலர்க்குப் பெரிதும் உதவியது என்பது வியப்பன்றோ!

இனி, பயன்பாடு. மணமக்களின் பெயர், ஒரு தலைப்பு, வாழ்த்து வரி ஒன்று: இவற்றுக்கு இவ்வெழுத்து மிகப் பொருந்தும். இதற்குமேல் கேட்பது பேராசை. அழைப்பிதழ் முழுவதையும் இதிலேயே கோத்தால், மேல்வரியின் வால் கீழ்வரியின் தலையில் இடிக்கும். வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விட்டாலன்றி நெரிசல் தீராது. பெயர் முழுவதையும் பெரிய எழுத்துகளாலேயே அமைப்பது அதனினும் கொடிது. சிறிய எழுத்துகளுக்கு முன்னே தனித்து நிற்கவே அப்பெரிய எழுத்துகள் வரையப்பட்டன. வரிசையாக நிறுத்தினால் ஒன்றின் கை மற்றொன்றின் முகத்தை மறைக்கும்.

நாள், நேரம், மண்டபத்தின் முகவரி ஆகியவற்றை எளிய நேரெழுத்தில் அமைக்கச் சொல்லுங்கள். அழகு கருதி இவற்றையும் சுழித்துவிட்டால், முதியோர் அழைப்பிதழைக் கைநீட்டித் தூரத்தில் பிடித்தும் படிக்கவியலாது, பேரப்பிள்ளைகளைத் தேடுவர். அழைக்கப்பட்டவர்க்கே விளங்காத அழைப்பு எதற்கு? அச்சகத்தார் தரும் முதற்படியைக் கண்ணாடியணிந்த மூத்தவர் ஒருவரிடம் நீட்டி, நேரம் என்னவெனக் கேட்டுப் பாருங்கள். அவர் தயங்கினால் எழுத்தை மாற்றச் சொல்லுங்கள். ஆயிரம் படிகள் அச்சான பின்னர் மாற்ற இயலாது.