சாளரக் கண்ணாடியைக் கோடு விழாமல் துடைத்தல்

சாளரக் கண்ணாடியைத் துடைத்த பின்னும் அதன் மீது வெண்கோடுகளும் நீர்த்துளித் தடங்களும் தெரிவதுண்டு. இவை பெரும்பாலும் கண்ணாடியின் குறையல்ல. துடைக்கப் பயன்படுத்திய நீரும் சோப்பும் துணியும் விட்டுச்செல்லும் படிவுகளே ஆகும்.

காரணங்கள்

கடின நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்துள்ளன. நீர் ஆவியாகும்போது உப்புகள் ஆவியாகாமல் கண்ணாடியிலேயே தங்கிவிடுகின்றன. தமிழ்நாட்டில் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் பல வீடுகளில் இத்தடங்கள் மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம். சோப்பு அளவுக்கு மீறினால் மெல்லிய படலமாகப் படியும். வெயிலில் சூடேறிய கண்ணாடியில், துடைப்பதற்கு முன்பே நீர் உலர்ந்துவிடும். எனவே காலையிலோ மாலையிலோ துடைப்பது நல்லது.

ஏற்ற நீர்

மழைநீரிலும் காய்ச்சி வடித்த நீரிலும் உப்பு மிகக் குறைவு. ஏசியிலிருந்து சொட்டும் நீரும் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து உண்டாவதால் இதற்கு ஏற்றது. ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரில் உப்பு செறிந்திருப்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

செய்முறை

1. உலர்ந்த துணியால் தூசியையும் ஒட்டடையையும் முதலில் நீக்க வேண்டும். மணல் துகள் இருக்கும்போது தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும்.
2. அரை வாளி நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் சில துளிகள் மட்டும் கலந்து, பஞ்சால் கண்ணாடியைக் கழுவ வேண்டும்.
3. ரப்பர் வைப்பரை மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும். ஒவ்வோர் இழுப்புக்குப் பின்னும் ரப்பர் விளிம்பைத் துடைப்பதும், அடுத்த இழுப்பு முந்தையதன் மேல் சற்றே படிவதும் முக்கியம்.
4. ஓரங்களில் தேங்கும் நீரை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

வெளிப்புறத்தை மேலிருந்து கீழாகவும் உட்புறத்தைக் குறுக்காகவும் துடைத்தால், எஞ்சிய கோடு எப்பக்கத்தில் உள்ளது என்பது எளிதில் புலப்படும்.

பழைய உப்புக்கறை

ஒரு பங்கு வெள்ளை வினிகருடன் நான்கு பங்கு நீர் கலந்து, கறை மீது சில நிமிடங்கள் ஊறவிட்டுக் கழுவலாம். வினிகரிலுள்ள அசிட்டிக் அமிலம் கால்சியம் கார்பனேட்டைக் கரையக்கூடிய உப்பாக மாற்றுகிறது. இதே காரணத்தால் பளிங்குக் கல்லில் வினிகர் பட்டால் அக்கல் அரிக்கப்படும்.

பாதுகாப்பு

வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும். அம்மோனியா உள்ள கண்ணாடித் துப்புரவுத் திரவத்துடன் பிளீச் சேர்ந்தாலும் நச்சு வாயு உண்டாகும். மாடி வீடுகளில் சாளரத்தின் விளிம்பில் ஏறி நின்று வெளிப்புறத்தைத் துடைப்பது உயிருக்கே ஆபத்தாகும். கைக்கு எட்டாத கண்ணாடியை உள்ளே நின்றபடி நீண்ட கைப்பிடி வைப்பரால் துடைக்கலாம். அதற்கும் எட்டாவிடில், பாதுகாப்புக் கயிறும் பயிற்சியும் உள்ள பணியாளரிடம் விட்டுவிடுவதே முறை. கண்ணாடியில் ஒரு கோடு எஞ்சியிருப்பதால் எவருக்கும் தீங்கில்லை.