கிராஃபைப் பார்த்து பயமா? ஒரு வேன் வாடகைக் கணக்கு போதும்!

பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண், செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண். தேர்ச்சிக்குத் தேவை 35. அதில் கிட்டத்தட்ட பாதி இந்த இரண்டு கேள்விகளிலேயே இருக்கிறது. ஆனாலும் கிராஃப் தாளைக் கண்டாலே மிரளும் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு உண்டு. நானும் அந்தக் கட்சிதான்!

செஞ்சி பக்கம், மகேந்திரவர்மப் பல்லவரின் குடைவரைக் கோயில் இருக்கும் தளவானூரிலிருந்து ஒரு குடும்பம் கல்யாணத்துக்குக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். முதல் வேன்காரர், ‘வாடகை 500, கி.மீ.க்கு 20 ரூபாய்’ என்கிறார். இரண்டாமவர், ‘வாடகை 1,000, கி.மீ.க்கு 15 ரூபாய்’ என்கிறார். எது லாபம்?

மூன்று புள்ளிகள் போதும்

எக்ஸ் அச்சில் தூரம், ஒய் அச்சில் ரூபாய். அளவுத்திட்டம்: 1 செ.மீ. = 10 கி.மீ.; 1 செ.மீ. = 250 ரூபாய்.

முதல் வேன்: (0, 500), (50, 1500), (100, 2500).
இரண்டாம் வேன்: (0, 1000), (50, 1750), (100, 2500).

புள்ளிகளை வைத்து ஸ்கேலால் இணைத்தால் இரண்டு நேர்கோடுகள். கோடு போட இரண்டு புள்ளிகளே போதும். மூன்றாவது எதற்கு? அது கோட்டில் உட்காராவிட்டால், கணக்கில் எங்கோ தப்பு என்று காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு கோடுகளும் (100, 2500)-இல் வெட்டுகின்றன. அதாவது, 100 கி.மீ. ஓடினால் இரண்டு வேனுக்கும் ஒரே செலவு. அதற்குக் குறைவென்றால் முதல் வேன், கூடுதலென்றால் இரண்டாவது வேன் லாபம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ‘இரு மாறிகளில் நேரியச் சமன்பாடு’ இதுதான்.

ராஜகிரி சொல்லும் பாடம்

கி.மீ.க்கு 20 ரூபாய் என்பதுதான் முதல் கோட்டின் சாய்வு. 20, 15-ஐவிடப் பெரியது. அதனால் அந்தக் கோடு செங்குத்தாக ஏறுகிறது. செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி ஏறி மூச்சு வாங்கியவர்களுக்குச் சாய்வை விளக்க வேண்டியதே இல்லை!

பத்தாம் வகுப்பில் வரும் நேர்மாறல் வரைபடமும் நேர்கோடுதான். ஆனால், அது ஆதிப்புள்ளியிலிருந்தே தொடங்கும். வாடகையே இல்லாமல், ஓடிய கி.மீ.க்கு மட்டும் காசு வாங்கும் வேன் மாதிரி.

மறக்கக் கூடாதவை

அட்டவணை, அச்சுகளின் பெயர், அளவுத்திட்டம், கூர்மையான பென்சில், கடைசியில் விடையை ஒரு வரியில் எழுதுவது. அவசரத்தில் விட்டுப்போவது பெரும்பாலும் இவைதான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: அடுத்தமுறை வேன் பேசும்போது, பிள்ளை கையில் ஒரு கிராஃப் தாளைக் கொடுங்கள். பணமும் மிச்சமாகும், பயமும் போகும்!