றொசல்லக் கொழுந்தும் பாரிசவாதமும்

வட்டவளையைத் தாண்டி ஹட்டனுக்கு ஏறும் ரயில் நிற்கும் சின்ன ஸ்டேஷன் றொசல்ல. சுற்றியுள்ள மலைகளில் பறிக்கும் தேயிலைக் கொழுந்தின் உலர் எடையில் ஏறத்தாழக் கால்வாசி பாலிபீனோல்கள். அவற்றில் பெரும்பங்கு கேட்டகின்கள். அவற்றிலும் முதலிடம், ஈஜிசிஜி என்று சுருக்கிச் சொல்லும் பொருளுக்கு. பச்சைத் தேயிலை மூளையைக் காக்கும் என்று பத்திரிகைகள் எழுதும்போதெல்லாம் அடிபடும் பெயர் இதுதான்.

ஆனால் கொழுந்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, போனதும் கதை மாறிவிடுகிறது. வாட்டிய இலையை ரோலரில் போட்டு உருட்ட, கலங்கள் உடைந்து, இலைக்குள்ளேயே இருக்கும் ஒரு நொதியம் கேட்டகினோடு கலக்கிறது. காற்றுப் பட்டதும் பச்சை செம்பு நிறமாகிறது. பெரும்பகுதிக் கேட்டகின் தியாஃபிளேவின், தியாருபிஜின் என்று உருமாறுகிறது. நம் சாயத்தண்ணியின் நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் இவற்றின் உபயம். பச்சைத் தேயிலை செய்கிறவர்களோ ஆவியிலோ சூட்டுச் சட்டியிலோ காட்டி அந்த நொதியத்தை முதலிலேயே முடக்கிவிடுகிறார்கள். செடி ஒன்றுதான், பக்குவம் வேறு. இலங்கையில் அப்படிச் செய்வது சொற்பம்.

இனி மூளைக்கு வருவோம். பாரிசவாதத்தில் பெரும்பாலானவை, இரத்தக்கட்டி ஒன்று மூளை நாடியை அடைப்பதால் வருபவை. அடைப்பின் நடுவிலுள்ள கலங்கள் சில நிமிடங்களில் செத்துவிடும். சுற்றியுள்ளவை அரைப் பட்டினியில் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். மருத்துவம் போராடுவது இந்த ஓரத்துக்காகத்தான். இரத்தம் திரும்ப ஓடும்போதும் ஆபத்து இருக்கிறது: ஒட்சிசனோடு கட்டற்ற மூலிகங்கள் பெருகி, தப்பிய கலங்களையும் தாக்கும். ஆய்வுகூடச் சோதனைகளில் ஈஜிசிஜி இந்த மூலிகங்களை அடக்குகிறது, அழற்சியையும் தணிக்கிறது.

2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு கொரிய ஆய்வில், ஜெர்பில் என்ற பாலைவன எலிகளின் கழுத்து நாடிகளைச் சிறிது நேரம் அடைத்துத் திறந்து ஈஜிசிஜி ஏற்றினார்கள். ஞாபகத்துக்குப் பொறுப்பான மூளைப் பகுதியில் கலச் சாவு குறைந்தது. அளவைக் கவனியுங்கள்: உடல் எடை கிலோவுக்கு 50 மில்லிகிராம், அதுவும் ஊசியால். எடைக்கு எடை கணக்குப் போட்டால் 50 கிலோ ஆளுக்கு 2,500 மில்லிகிராம். ஒரு கோப்பையில் 100 இருந்தாலே தாராளம், அதிலும் சிறு பங்குதான் இரத்தத்தில் சேரும். சரி, மாத்திரையாக விழுங்கலாமே என்றால், நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால் ஈரல் பாதிக்கப்படலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்திருக்கிறது.

எலியில் பலித்து மனிதரில் பொய்த்த மருந்துகள் ஏராளம். மூலிகங்களைப் பிடிக்கும் என்று பெரிதாக நம்பப்பட்ட என்எக்ஸ்வை-059, 2007இல் வெளியான பெரிய பரிசோதனையில் தோற்றது.

ஜப்பானிலிருந்து வரும் செய்தி கொஞ்சம் தெம்பானது. ஏறக்குறைய 82,000 பேரைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் நாலு கோப்பையோ அதற்கு மேலோ பச்சைத் தேநீர் குடித்தவர்களுக்குப் பாரிசவாத ஆபத்து சுமார் 20 சதவீதம் குறைவு. ஆனால் குடிப்பவர்களின் மற்றப் பழக்கங்களும் இதில் கலந்திருக்கும், தேநீர்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. தோட்ட லயத்தில் இருக்கும் ஒருவருக்கு இரத்த அழுத்தத்தை அளந்து, மாத்திரையை விடாமல் போடுவது இதைவிட நிச்சயமான காப்பு என்பேன். நிறையத் தேநீர் குடிக்க நினைப்பவர்களுக்கு இன்னொன்று: சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் மரக்கறி உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். இரத்தசோகை உள்ள பெண்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

முகம் கோணி, கை சோர்ந்து, பேச்சுக் குழறினால் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 இலட்சம் நரம்புக் கலங்கள் போகின்றன என்பது கணிப்பு. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, இரத்தக் கசிவு இல்லையென்று உறுதிசெய்ய வேண்டும். அதனால் உடனே 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள். விழுந்தவருக்குத் தெம்பு வரட்டுமென்று சூடாக ஒரு பிளேன்டீ ஊட்டிவிடாதீர்கள். விழுங்கும் தசைகளும் செயலிழந்திருக்கலாம், தேத்தண்ணி நேரே நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.