ரெக்எஸ்விஆர்32

ரெக்எஸ்விஆர்32 என்பது மைக்ரோசாப்ட் விண்டோஸ் இயங்குதளத்தில் டிஎல்எல், ஓசிஎக்ஸ் வகை மென்பொருள் கூறுகளைப் பதிவகத்தில் பதியவும் அங்கிருந்து நீக்கவும் பயன்படும் ஒரு கட்டளைவரி நிரலாகும். விசுவல் பேசிக் 6 (1998) கொண்டு எழுதப்பட்ட பழைய செயலிகளைப் புதிய கணினிக்கு மாற்றும்போது இதன் தேவை பெரும்பாலும் எழுகிறது. அம்மொழியின் அடிப்படை இயக்கக் கோப்பு விண்டோஸ் 10, 11 ஆகியவற்றிலும் உடன் வருகிறது. ஆனால் பட்டியல், நாட்காட்டி முதலிய கட்டுப்பாடுகளைத் தரும் ஓசிஎக்ஸ் கோப்புகள் வருவதில்லை.

செயற்படும் முறை

மைக்ரோசாப்ட் 1993 இல் அறிமுகப்படுத்திய காம் முறையில் ஒவ்வொரு கூறுக்கும் 128 பிட்டு நீளமுள்ள தனி அடையாள எண் உண்டு. செயலி தனக்கு வேண்டிய கூறைக் கோப்பின் பெயரால் தேடுவதில்லை. இவ்வெண்ணைக் கொண்டு, கோப்பு இருக்கும் இடத்தைப் பதிவகத்திலிருந்து அறிகிறது. ஆகவே கோப்பை நகலெடுத்து வைப்பது மட்டும் போதாது.

ரெக்எஸ்விஆர்32 தானாக எந்த விவரத்தையும் எழுதுவதில்லை. கோப்பை நினைவகத்தில் ஏற்றி, அதனுள் உள்ள டிஎல்எல்ரெஜிஸ்டர்சர்வர் என்ற துணைநிரலை அழைக்கிறது. கூறு தன் விவரங்களைத் தானே பதிந்துகொள்கிறது. கட்டளையுடன் /யூ சேர்த்தால் நீக்குவதற்கான துணைநிரல் அழைக்கப்படும். இத்துணைநிரல்கள் இல்லாத சாதாரண டிஎல்எல் கோப்புகளைப் பதிய இயலாது. பதிய வேண்டியதும் இல்லை.

புதிய இயங்குதளங்களில் எழும் சிக்கல்கள்

விண்டோஸ் விஸ்டா (2007) முதல், நிர்வாகிக் கணக்கில் நுழைந்தவரின் நிரல்களும் சாதாரண உரிமையுடனேயே இயங்குகின்றன. கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையுடன் திறக்காவிடில் 80004005 அல்லது 8002801சி என்ற பிழை எண் தோன்றக்கூடும்.

64 பிட்டு விண்டோசில் கோப்புறைகளின் பெயர்களே குழப்பம் தருவன. சிஸ்டம்32 கோப்புறையில் 64 பிட்டுக் கோப்புகளும், சிஸ்வாவ்64 கோப்புறையில் 32 பிட்டுக் கோப்புகளும் உள்ளன! 32 பிட்டு நிரல் ஒன்று சிஸ்டம்32 ஐத் திறக்க முயன்றால், இயங்குதளம் அதனை அறிவிப்பின்றிச் சிஸ்வாவ்64 க்குத் திருப்பிவிடுகிறது. பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றி 32 பிட்டு ஓசிஎக்ஸ் கோப்பைச் சிஸ்டம்32 இல் இட்டவருக்கு, கோப்பு கண்ணெதிரே இருந்தும் அது கிடைக்கவில்லை என்ற செய்தி வருவது இதனாலேயே. கோப்பைச் சிஸ்வாவ்64 இல் இட்டு, அங்குள்ள ரெக்எஸ்விஆர்32 ஐ முழுப் பாதையுடன் இயக்குதல் வேண்டும். இரு கோப்புறைகளிலும் இந்நிரல் ஒரே பெயரில் உள்ளது. கூறு சார்ந்திருக்கும் வேறொரு டிஎல்எல் இல்லாவிடினும் இதே செய்தி வரும் என்பதால், காரணத்தைச் செய்தியிலிருந்து மட்டும் முடிவுசெய்ய இயலாது.

விபிஎக்ஸ் எனப்படும் 16 பிட்டுக் கட்டுப்பாடுகளை 64 பிட்டு விண்டோசில் எவ்வகையிலும் பதிய முடியாது. அவற்றுக்கு மெய்நிகர் கணினியில் நிறுவிய பழைய விண்டோசே வழி.

பாதுகாப்பு

பதிவு செய்தல் என்பது உண்மையில் அக்கோப்பில் உள்ள நிரலை நிர்வாகி உரிமையுடன் இயக்குவதாகும். ஆகையால் மூலம் தெரியாத தளங்களில் இலவசமாகக் கிடைக்கும் கோப்புகளைப் பதிவது ஆபத்தானது. நம்பகமான பழைய குறுவட்டிலிருந்து எடுத்த கோப்பும் முற்றிலும் பாதுகாப்பானதன்று. விசுவல் பேசிக் செயலிகளில் பரவலாகப் பயன்பட்ட எம்எஸ்காம்சிடிஎல்.ஓசிஎக்ஸ் கோப்பில் இருந்த பாதுகாப்புக் குறைபாடு தாக்குதல்களுக்குப் பயன்பட்டது. 2012 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. அதற்கு முந்தைய பதிப்பை நிறுவினால் அக்குறைபாடும் கணினிக்குத் திரும்புகிறது.

விண்டோஸ் எக்ஸ்பி (2001) முதல், கூறின் விவரங்களைச் செயலியுடன் வரும் ஒரு விவரக் கோப்பில் எழுதி, பதிவகத்தைத் தொடாமலே பயன்படுத்தும் முறையும் உள்ளது. இம்முறைக்கு ரெக்எஸ்விஆர்32 தேவைப்படுவதில்லை.